புள்ளி தப்பாத தாள்

(வீட்டிலிருந்தே தொழில் செய்வோருக்காக நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வீட்டு அலுவலகத்துக்கு லேசர் பிரிண்டரைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். கடைக்குப் போய் வாங்கும் ஒரு பொருளுக்கு ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தாளும் யாரோ ஒருவருடைய பெயரை, கணக்கை, நிலத்தைச் சுமந்துகொண்டு போகிறது. அதனால் அந்தத் தாளை அச்சிடும் கருவியைப் பற்றி ஒரு மாலைப்பொழுது பேசுவது தகும் என்று நம்புகிறேன்.

நான் சான்றிதழ்களையும் ஆவணங்களையும் மொழிபெயர்க்கும் தொழில் செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்த ஓர் அம்மாவுக்குச் சில தாள்களைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அவர் பெயர் கமலா என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள் அந்த அம்மா வெயிலில் நடந்து திரும்பி வந்தார். "பேரு ஒத்துப்போகலையாம்ப்பா, திருப்பி அனுப்பிட்டாங்க" என்று தாளை நீட்டினார். என் கணினியில் 'கமலா' என்றுதான் இருந்தது. தாளில், 'ம' எழுத்தின் தலைமேல் குண்டூசி முனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி விழுந்திருந்தது. கமலா 'கம்லா' ஆகிவிட்டார். வேறு பல மொழிகளில் அப்படியொரு புள்ளி வெறும் அழுக்கு. படிப்பவர் கடந்து போய்விடுவார். நம் மொழியில் புள்ளி எழுத்திலக்கணத்தின் ஒரு கூறு. ஒரு மாத்திரை ஒலிக்கும் எழுத்தை அது அரை மாத்திரையாக்கிவிடும்.

அன்று மாலை அந்தத் தாளின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அதே நேர்கோட்டில் மேலும் இரண்டு புள்ளிகள் இருந்தன. வரிகளுக்கு நடுவே விழுந்ததால் அதுவரை கண்ணில் படவில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 75 மில்லிமீட்டர். இன்னொரு தாளை எடுத்து அளந்தேன். அதிலும் அதே 75. அந்த எண்தான் எனக்கு லேசர் பிரிண்டரைப் புரியவைத்தது. எப்படி என்று சொல்வதற்கு, கருவியின் உள்ளே கொஞ்சம் போய்வர வேண்டும்.

லேசர் பிரிண்டருக்குள் ஈர மை கிடையாது. மின்னேற்றம், ஒளி, பொடி, சூடு ஆகிய நான்கும் சேர்ந்துதான் எழுத்தை உண்டாக்குகின்றன. கார்ட்ரிட்ஜைக் கழற்றி, அதன் சிறு மூடியைத் தள்ளிப் பார்த்தால் பச்சை அல்லது நீல நிறத்தில் பளபளக்கும் ஓர் உருளை தெரியும். அதுதான் டிரம். இருட்டில் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும், ஒளி பட்ட இடத்தில் அதை விட்டுவிடுவதும் அதன் குணம். முதலில் ஓர் உருளை, டிரம் முழுவதும் மின்னேற்றம் தருகிறது. சுழலும் பலகோணக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் கதிர், நம் எழுத்துகளை டிரம்மின் மேல் ஒளியால் எழுதுகிறது. ஒளி பட்ட இடங்களில் டோனர் பொடி ஒட்டுகிறது. பொடி தாளுக்கு மாறுகிறது. பிறகு தாள் ஃப்யூசர் எனப்படும் சூடான பகுதிக்குள் நுழைகிறது. அங்கே 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலும் அழுத்தத்திலும் பொடி உருகித் தாளோடு ஒன்றாகிறது. டிரம்மில் மிச்சமிருக்கும் பொடியை ஒரு பிளேடு வழித்தெடுக்க, அடுத்த சுற்று தொடங்குகிறது. டோனர் என்பது பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. அதனால்தான் அது காய்வதில்லை, தண்ணீர் பட்டால் கரைவதும் இல்லை.

இந்தக் கலைக்கு வித்திட்டவர் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர். காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரே ஆவணத்துக்குப் பல படிகள் தேவைப்பட்டு, கையால் எழுதியெழுதி அலுத்துப்போனவர். 1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறிய அறையில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன் மேல் வைத்து விளக்கொளி காட்டினார். பொடியைத் தூவி ஊதியபோது எழுத்து நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார். பல நிறுவனங்கள் கைவிரித்த அந்த முறை, 1959-இல் ஜெராக்ஸ் 914 என்ற நகல் இயந்திரமாக வெளிவந்தது. நகல் என்ற சொல்லுக்குப் பதிலாக நாம் 'ஜெராக்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருப்பது அங்கிருந்து வந்த வழக்கம். ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி ஸ்டார்க்வெதர், 1971-இல் நகல் இயந்திரத்தோடு லேசரை இணைத்து முதல் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். 1984-இல் எச்.பி. லேசர்ஜெட் மேசைக்கு வந்தபோது அதன் விலை 3,495 டாலர். நிமிடத்துக்கு 8 பக்கம் அச்சிட்டது. தேவைப்படும் படி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்று ஓர் அலுவலக ஊழியர் பட்ட ஏக்கத்திலிருந்து பிறந்த கருவி இது. நம்மைப் போல் தாளை நம்பி வாழ்பவர்களுக்கு அது நெருக்கமான செய்தி.

இப்போது 75 மில்லிமீட்டருக்கு வருகிறேன். என்னுடைய பிரிண்டரில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர். அதை 3.14-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 75. அதாவது டிரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தாள் 75 மில்லிமீட்டர் நகரும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர் என்பதால், ஒரு பக்கத்துக்கு டிரம் ஏறக்குறைய நான்கு முறை சுழல்கிறது. டிரம்மில் ஒரு சிறு பள்ளம் விழுந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் ஒரு புள்ளி. என் கார்ட்ரிட்ஜ் நான்கு முறை ரீஃபில் செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் பொடி புதிது, டிரம் பழையது. டிரம்மை மாற்றியதும் புள்ளி போய்விட்டது. அந்த அம்மாவின் வீட்டுக்கு நானே போய்ப் புதிய தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: உங்கள் தாளைத் தெரிந்துகொண்டு கருவியை வாங்குங்கள், கருவியைத் தெரிந்துகொண்டு தாளை வெளியே அனுப்புங்கள்.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். கடைக்குப் போகும் முன் ஒரு மாதம் ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். எத்தனை பக்கம் தேவைப்பட்டது, அவற்றில் வண்ணம் எத்தனை, ஸ்கேன் எத்தனை, லீகல் அளவு எத்தனை என்று குறியுங்கள். மாதத்துக்கு இருபது முப்பது பக்கம் மட்டுமே என்றால், தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும். படங்களும் வண்ணமும்தான் உங்கள் தொழில் என்றால் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்குங்கள். அதில் ஒரு பக்கத்துக்கு ஆகும் மைச் செலவு மிகக் குறைவு. கறுப்பு எழுத்து அதிகம், சில வாரம் நிறைய வேலை, சில வாரம் கருவியைத் தொடுவதே இல்லை, ஆனால் கேட்ட நிமிடம் தாள் வர வேண்டும் என்பவருக்குத்தான் லேசர். இங்க் பிரிண்டரைப் பல வாரம் பயன்படுத்தாமல் விட்டால் மை பீய்ச்சும் ஹெட் அடைத்துக்கொள்ளக்கூடும். டோனர் பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. மழையில் நனைந்த உறைக்குள்ளும் லேசர் எழுத்து கலையாமல் இருக்கும்.

அடுத்தது பணக் கணக்கு. யானை வாங்குகிறவர் அதன் தீனிக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு இரண்டு பிரிண்டர்களை வைத்துக்கொள்வோம். முதலாவது 12,000 ரூபாய். அதன் டோனர் 3,000 ரூபாய், 1,500 பக்கம் வரும். பக்கத்துக்கு 2 ரூபாய். இரண்டாவது 16,000 ரூபாய். அதில் டோனர் தனி, டிரம் தனி. டோனர் 2,600 ரூபாய்க்கு 2,600 பக்கம். டிரம் 4,800 ரூபாய்க்கு 12,000 பக்கம். பக்கத்துக்கு 1 ரூபாயும் 40 காசும். இவற்றில் எது லாபம்? மாதம் 500 பக்கம் அச்சிடுபவருக்கு இரண்டாவது பிரிண்டர் மாதந்தோறும் 300 ரூபாய் மிச்சம் தரும். கூடுதலாகக் கொடுத்த 4,000 ரூபாய் பதினான்காம் மாதத்தில் திரும்பிவிடும். மாதம் 100 பக்கம் அச்சிடுபவருக்கு மிச்சம் 60 ரூபாய்தான். அந்த 4,000 திரும்ப ஐந்தரை ஆண்டுக்கு மேலாகும். கருவிகள் அவையேதான். உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. இந்த எண்ணைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்ல முடியாது.

பெட்டியில் எழுதியிருக்கும் பக்க எண்ணிக்கையையும் புரிந்து படிக்க வேண்டும். கறுப்பு டோனருக்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19752 என்ற அளவீட்டு முறை இருக்கிறது. அதன்படி அச்சிடும் சோதனைப் பக்கத்தில் பொடி படியும் பரப்பு ஏறக்குறைய 5 விழுக்காடு. சுருக்கமான ஒரு கடிதத்துக்கு அது பொருந்தும். நெருக்கமான வரிகளும் கட்டங்களும் நிறைந்த ஆவணத்துக்கு அதைவிடக் கூடுதலாகப் பொடி செலவாகும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் டிரம் சும்மா சில சுற்றுகள் சுழல்வதால், ஒற்றை ஒற்றைப் பக்கமாக அச்சிட்டால் அதன் ஆயுள் குறையும். முடிந்தவரை வேலைகளைச் சேர்த்து அச்சிடுங்கள். இன்னொன்று, புதிய பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் முழு அளவுப் பொடி கொண்டதாக இருக்காது. அது எத்தனை பக்கம் தரும் என்று வாங்கும்போதே கேளுங்கள். மாதாந்திர டூட்டி சைக்கிள் என்று போட்டிருக்கும் பெரிய எண் கருவி தாங்கும் உச்ச அளவு. நாம் பார்க்க வேண்டியது, பரிந்துரைக்கப்படும் மாத அளவு என்று தனியே தரப்பட்டிருக்கும் சிறிய எண்.

வசதிகளில் நான் வற்புறுத்துவது தானியங்கி டூப்ளெக்ஸ், அதாவது தாளின் இரு பக்கமும் தானே அச்சிடும் வசதி. உச்ச நீதிமன்றமே 2020-ஆம் ஆண்டில், 75 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாத ஏ4 தாளில் இருபுறமும் அச்சிட்டு மனுக்களைத் தரும் முறைக்கு மாறியது. தாள் செலவு பாதியாகிறது, கட்டு மெலிகிறது. ஸ்கேனும் நகலும் வேண்டுமென்றால் மல்டிஃபங்ஷன் வாங்குங்கள். பல பக்கங்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஏ.டி.எஃப். தினமும் கட்டுக்கட்டாக ஸ்கேன் செய்பவருக்கு மட்டும் தேவை. ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் யு.எஸ்.பி. போதும், வீட்டில் இருவர் மூவர் கைபேசியிலிருந்தும் அச்சிட வேண்டுமென்றால் வைஃபை வேண்டும். வண்ண லேசருக்கு நான்கு டோனர்கள் வாங்க வேண்டும். வண்ணம் தினசரித் தேவையாக இருந்தால் தவிர அதன் பக்கம் போக வேண்டாம். உங்கள் ஊரில் அந்த மாடலைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, டோனர் கிடைக்கிறதா என்பதை எல்லா வசதிகளுக்கும் மேலாக வைத்துப் பாருங்கள். எச்.பி.யின் 12ஏ கார்ட்ரிட்ஜும் கேனனின் 303-உம் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம், ரீஃபில் செய்யத் தெரிந்த கை எங்கும் இருந்ததுதான்.

கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் அதை எங்கே செருகுகிறோம்? ஃப்யூசர் சூடேறும் கணத்தில் சிறிய லேசர் பிரிண்டர்கூட 800 முதல் 1,000 வாட் வரை இழுக்கும். கணினிக்கு நாம் வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது 360 வாட் அளவுதான். இரண்டையும் இணைத்தால் யு.பி.எஸ். அலறி அணைந்துவிடும், கூடவே கணினியும் அணைந்து, சேமிக்காத வேலை போய்விடும். பிரிண்டருக்கு எர்த் உள்ள தனிச் சுவர் பிளக் கொடுங்கள். கருவியின் பின்னாலும் பக்கத்திலும் காற்று போக இடம் விடுங்கள். அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெயில் நேரே விழும் மேசையில் வைக்காதீர்கள். கழற்றிய கார்ட்ரிட்ஜை வெளிச்சத்தில் விட்டால் டிரம் கெடும். உடனே கறுப்பு உறையிலோ துணியிலோ மூடிவிடுங்கள்.

தாளைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. 75 ஜி.எஸ்.எம். என்றால் 2.34 கிலோ, 70 என்றால் 2.19 கிலோ. மேலுறையில் எழுதியது உண்மையா என்பதை உங்கள் சமையலறைத் தராசே சொல்லிவிடும். நம் மாநிலத்தில், கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது டி.என்.பி.எல். ஆலை. எந்த ஆலைத் தாளானாலும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பிரித்துப் போட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத் தாள் ஃப்யூசரில் சுருளும், சிக்கும், எழுத்து சரியாக ஒட்டாது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டின் உறைக்குள்ளேயே மடித்து மூடி வையுங்கள். டிரேயில் போடும் முன் தாள்களை விசிறிவிட்டு ஓரம் தட்டிச் சேருங்கள். ஸ்டேப்ளர் பின் குத்திய பழைய தாளும், இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் பளபளப்புத் தாளும் லேசருக்குள் போகவே கூடாது. ஸ்டேப்ளர் பின் டிரம்மைக் கீறும். பளபளப்புப் பூச்சு ஃப்யூசரில் உருகி ஒட்டும்.

தமிழில் அச்சிடுபவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். டோனர் சேவ் என்ற சிக்கன முறை சொந்தப் பார்வைக்கான படிகளுக்கு ஏற்றது. கையெழுத்தாகி வெளியே போகும் தாளில் அதைப் போடாதீர்கள். 9 பாயிண்ட் எழுத்தில் பொடி குறைந்தால் முதலில் மங்குவது மெய்யெழுத்தின் புள்ளிதான். பெயர்களும் எண்களும் உள்ள ஆவணத்தை 12 பாயிண்டில் 600 டி.பி.ஐ.யில் எடுங்கள். 'ன', 'ண' எழுத்துகளின் சுழிகள் அடைபடாமல் வரும். திரையில் சரியாக இருந்த பி.டி.எஃப். தாளில் கட்டம் கட்டமாக வந்தாலோ, கொம்பும் எழுத்தும் பிரிந்து நின்றாலோ பிரிண்டரைக் குறை சொல்ல வேண்டாம். எழுத்துரு கோப்போடு சேரவில்லை, அல்லது டிரைவர் அதைத் தவறாகப் படிக்கிறது என்று பொருள். எழுத்துருவை உட்பொதித்துச் சேமியுங்கள். அதுவும் உதவாவிட்டால், பக்கத்தைப் படமாக அச்சிடும் விருப்பம் பி.டி.எஃப். மென்பொருளில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

ரீஃபில் செய்யலாமா என்று எப்போதும் கேட்கிறார்கள். செய்யலாம். நல்ல கை கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும். ஒரு கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போவதும் தள்ளிப்போகும். ஆனால் பொடியை மட்டும் கொட்டி மூடித் தருவது ரீஃபில் ஆகாது. கழிவுப் பொடித் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு உரிய பொடியைத்தான் போட வேண்டும், டிரம்மும் பிளேடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு முறைக்கு ஒருமுறை டிரம் மாற்றச் சொல்லிக் கேட்பது இப்போது என் வழக்கம். சில புதிய மாடல்களின் கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கிறது. வேறு கார்ட்ரிட்ஜைப் போட்டால் பிரிண்டர் ஏற்க மறுக்கும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கருவி தன் நோயைத் தாளில் எழுதிக் காட்டும். நமக்கு வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் புள்ளி என்றால் ஏதோ ஓர் உருளையில் குறை; இடைவெளியை அளந்தால் எந்த உருளை என்று தெரியும். மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு வந்தால் டிரம்மில் கீறல் அல்லது பிளேடு தேய்ந்திருக்கிறது. பக்கத்தின் நடுவிலோ ஓரத்திலோ எழுத்து வெளுத்தால் பொடி தீர்கிறது. கார்ட்ரிட்ஜை எடுத்துப் பக்கவாட்டில் நாலைந்து முறை மெல்ல அசைத்துப் போட்டால் அன்றைய வேலை முடியும். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது என்றால் ஃப்யூசரைக் காட்டுங்கள். ஈரத் தாளோ அளவுக்கு மீறிய கனத் தாளோகூடக் காரணமாக இருக்கலாம். தாளை இழுக்காமல் பிரிண்டர் உறுமினால், கீழே இருக்கும் பிக்கப் ரோலரின் ரப்பர் வழுவழுப்பாகியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரம் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும். சிக்கிய தாளைக் கிழியாமல், இரு கையாலும், தாள் போகும் திசையிலேயே இழுங்கள். உள்ளே ஃப்யூசர் கொதித்துக்கொண்டிருக்கும். ஆறவிட்டுக் கை வையுங்கள்.

பொடி கொட்டிவிட்டால் வாயால் ஊதாதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். நுண்பொடி வடிகட்டியைத் தாண்டி அறையெங்கும் பரவும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் பட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் அந்தக் கறை போகாது. டோனர் சூட்டில் ஒட்டும் பொருள் என்பதை நினைவில் வைத்தால் இது தானே விளங்கும்.

நண்பர்களே, அந்த 75 மில்லிமீட்டருக்குப் பிறகு என் வேலையில் ஒரு பழக்கம் சேர்ந்தது. எந்தத் தாளையும் திரையில் மட்டும் சரிபார்த்து அனுப்புவதில்லை. அச்சாகி வந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பெயர் மேலும் விரல் வைத்து, எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஆகிறது. ஒருவர் ஓர் அலுவலகத்துக்கு இரண்டாம் முறை வெயிலில் நடப்பதை அந்த ஒரு நிமிடம் தடுத்துவிடுகிறது. நல்ல கருவியைத் தேடி வாங்குங்கள், அதைப் பேணுங்கள். தாள் வீட்டு வாசலைத் தாண்டும் முன் அதை ஒருமுறை கையில் எடுத்துப் படியுங்கள்.